வறட்சியும் பஞ்சமும்



இயற்கை விளைக்கும் இடர்களுள் பெரும்பாலானவற்றுக்கு நாள் உண்டு, நேரமும் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையைத் தாக்கிற்று. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா என்னும் புயல் சென்னையைக் கடந்தது. இவற்றைத் திட்டமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதே 2016ஆம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதையும் பற்றிக்கொண்ட வறட்சி எந்த நாளில் தொடங்கிற்று என்று கேட்டால் விடை சொல்லுதல் அரிது. 2017ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. அவ்வறிவிப்பு வெளியான பொழுது எங்கள் ஊர்க் கொல்லைகளில் பயிர் காய்ந்து பல வாரங்கள் கழிந்திருந்தன. வறட்சி ஓசையின்றி வரும் விருந்தாளி. வந்துவிட்டது என்று வீட்டார் உணர்வதற்குள் பத்தாயத்துக்குள் புகுந்திருக்கும்.

எங்கள் ஊர் என்று நான் சொல்வது பெரம்பலூர் மாவட்டத்துக் குரும்பலூர். பெரம்பலூரிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் உள்ள பேரூர் அது. மேற்கே பச்சைமலை நீலநிறமாகத் தோன்றும். மலையடியில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி ஏரிகளை நிரப்ப வேண்டும். ஏரிகள் கிணறுகளை ஊற வைக்க வேண்டும். கிணறுகள் பயிரை வளர்க்க வேண்டும். இதுவே எங்கள் பகுதியின் நீர்க்கணக்கு. காவிரி எங்கள் மாவட்டத்துக்குள் பாய்வதில்லை. வடக்கெல்லையில் உள்ள வெள்ளாறும், பச்சைமலையில் தோன்றிக் கொள்ளிடத்தை நோக்கிச் செல்லும் மருதையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஆறுகள். மற்றை நாட்களில் அவை மணற்பாதைகள். ஆகவே தஞ்சை உழவர் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் நாளிதழில் பார்ப்பது போல எங்கள் உழவர் வானத்தைப் பார்ப்பர்.

இங்கே ஒரு விந்தையை இடையிட்டுச் சொல்ல விரும்புகிறேன். இதே மாவட்டத்தில் சாத்தனூர் என்னும் ஊரில் கல்லாகிப் போன மரம் ஒன்று கிடக்கிறது. 18 மீட்டர் நீளமுள்ள அம்மரத்தை 1940ஆம் ஆண்டு நில இயல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் கிழக்குப் பகுதியும் அரியலூர்ப் பகுதியும் கடலுக்கடியில் இருந்தன. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இன்றும் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. மாணவர்களைச் சாத்தனூருக்கு அழைத்துச் சென்ற போதெல்லாம், "கடல் இருந்த ஊரில் குடத்துக்குத் தண்ணீர் இல்லையே, ஐயா!" என்று யாரேனும் ஒரு பிள்ளை சொல்லாமல் இருந்ததில்லை.

2016-17 கல்வியாண்டு நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய இறுதி ஆண்டு. ஆதலின் அவ்வாண்டின் நிகழ்ச்சிகள் பள்ளியின் வருகைப் பதிவேட்டோடும் மணியோசையோடும் என் நினைவில் பிணைந்து கிடக்கின்றன.

எங்கள் பகுதியின் மானாவாரிப் பயிர்கள் மக்காச்சோளமும் பருத்தியும். கரிசல் நிலத்தில் ஆவணி, புரட்டாசியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைத்துத் தையில் வீடு வந்து சேரும். கிணறு உள்ளவர்கள் சின்ன வெங்காயம் நடுவர். வெங்காயத்தை உடனே விற்க மனமில்லாதோர் கொல்லையிலேயே பட்டறை போட்டு, மூங்கிலும் தட்டையும் கொண்டு காற்றோட்டமாக அமைத்து, விலை ஏறும் வரை காத்திருப்பர். விதை வெங்காயமும் அப்பட்டறைக்குள்தான் உறங்கும்.

2015ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை அளவுக்கு மிஞ்சிப் பெய்து சென்னையை வெள்ளத்தில் ஆழ்த்தியதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதற்கு மறு ஆண்டே வானம் பொய்க்கும் என்று எவர் எண்ணியிருப்பர்? தென்மேற்குப் பருவமழை இயல்பினும் குறைந்தது. ஆயினும் ஓரிரு மழைகளை நம்பி உழவர்கள் விதைத்துவிட்டனர். முளை வந்தது, மழை வரவில்லை. முளைத்தது கருகிய பின் சிலர் மறுபடியும் விதைத்தனர். விதைக்கும் உழவுக்கும் இருமுறை பணம் போயிற்று. அக்டோபர் 30ஆம் நாள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை ஆய்வுத் துறை அறிவித்த பொழுது ஊரில் ஒரு மகிழ்ச்சி பரவிற்று. பின்னர் கார்த்திகை கழிந்தது, மார்கழியும் கழிந்தது. இடுப்பளவு நிற்க வேண்டிய மக்காச்சோளம் முழங்காலளவில் நின்று, கதிர் பிடிக்காமலே வெளுத்தது. போதாக்குறைக்கு நவம்பர் 8ஆம் நாள் இரவு 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாவென்று ஆகிவிட்டமையால், கூலி கொடுக்கவும் உரம் வாங்கவும் கையில் வைத்திருந்த பணமும் சில வாரங்கள் பயன்படாமல் போயிற்று.

அவ்வாண்டின் வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் சராசரியாகப் பெய்ய வேண்டிய மழை 440 மில்லிமீட்டர். பெய்தது 168 மில்லிமீட்டர். நூற்றுக்கு 62 பங்கு குறைவு. 1876ஆம் ஆண்டுக்குப் பின்னர், அதாவது 140 ஆண்டுகளில், இவ்வளவு குறைவாகப் பெய்ததில்லை என்று அப்பொழுது கூறினர். மில்லிமீட்டர் என்றால் சிறிய அளவாகத் தோன்றும். ஆகவே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கணக்காகவே கொடுத்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். குறைந்து போன மழை 272 மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஓர் ஏக்கருக்குச் சுமார் 11 இலட்சம் லிட்டர் ஆகிறது. 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி தொண்ணூற்று இரண்டு வந்து ஓர் ஏக்கரில் கொட்டினால்தான் அவ்வாண்டு வானம் வைத்த பாக்கி தீரும். கணக்கை முடித்த மாணவன் ஒருவன், தன் தந்தைக்கு மூன்று ஏக்கர் என்றும், தன் வீட்டுக்கு வர வேண்டிய லாரிகள் 276 என்றும் எழுந்து நின்று சொன்னான். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.

மழை ஏன் பொய்த்தது? காடழிந்தமையால் என்பர் சிலர். ஊரில் அறம் குன்றியமையால் என்பர் வேறு சிலர். காட்டின் பயனை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஓராண்டின் மழை மிகுவதும் குறைவதும் பெரும்பாலும் கடலின் வெம்மையைப் பொறுத்தவை. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியையும், சுமத்திராத் தீவை ஒட்டிய கிழக்குப் பகுதியையும் ஒரு துலாக்கோலின் இரு தட்டுகளாக எண்ணிக்கொள்ளுங்கள். மேற்குத் தட்டு மிகுதியாகச் சூடேறினால் நமக்கு வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் நன்கு பெய்யும். 2016ஆம் ஆண்டில் கிழக்குத் தட்டு சூடேறி, மேற்குத் தட்டு குளிர்ந்திருந்தது. மேகக் கூட்டம் சுமத்திராப் பக்கம் போய்விட்டது. அதனோடு பசிபிக் பெருங்கடலில் லா நினா எனப்படும் குளிர்நிலையும் மெல்லத் தோன்றியிருந்தது. லா நினா ஆண்டுகளில் வடஇந்தியாவுக்கு மழை தரும் தென்மேற்குப் பருவம் செழிக்கும். நம் வடகிழக்குப் பருவமோ பல முறை மெலிந்து போகும். இரண்டும் ஒருங்கே நம்மை வஞ்சித்தன.

மழை பொய்த்தது வறட்சியின் முதற்படியே. அறிஞர்கள் வறட்சியை வானிலை வறட்சி, வேளாண் வறட்சி, நீரியல் வறட்சி என்று பிரித்துரைப்பர். மழை குறைவது முதலாவது. மண்ணின் ஈரம் வற்றிப் பயிர் வாடுவது இரண்டாவது. ஏரியும் கிணறும் வற்றுவது மூன்றாவது. இம்மூன்றும் ஒரே நாளில் வருவன அல்ல. ஒன்றன்பின் ஒன்றாகச் சில வாரங்களோ சில மாதங்களோ இடைவிட்டு வருகின்றன. போகும் பொழுதும் அவ்வாறே. மழை பெய்து புல் முளைத்த பின்னும் கிணறு வறண்டே கிடப்பதை நீங்கள் கண்டிருக்கலாம்.

எங்கள் பள்ளிக் கிணற்றைக் கொண்டு இதைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். 64 அடி ஆழமுள்ள பழைய வட்டக் கிணறு அது. கயிற்றில் அடிக்கொரு முடிச்சிட்டு, நுனியில் கல்லைக் கட்டி, வெள்ளிதோறும் மாலையில் இரு மாணவர்கள் நீர்மட்டத்தை அளந்து கரும்பலகையின் ஓரத்தில் எழுதுவர். அக்டோபர் முதல் வாரத்தில் 31ஆவது அடியில் நீர் தட்டுப்பட்டது. பொங்கலன்று 47. மாசி முடிவில் 58. சித்திரையில் கல் சேற்றில் விழும் ஓசை மட்டும் கேட்டது. ஆறு மாதத்தில் ஒரு கிணறு இறந்ததை அப்பிள்ளைகள் வாரந்தோறும் எழுதி வைத்தனர்.

கிணறு இவ்வளவு விரைவில் வற்றுவானேன்? இதை அறிய நிலத்தின் உள்ளமைப்பை அறிய வேண்டும். மேற்குப் பெரம்பலூரின் அடித்தளம் கடும்பாறை. மேலே சில அடி மண். அதன்கீழ் மக்கிப்போன சுக்கான் பகுதி. அதற்கும் கீழே கருங்கல். மழைநீரைத் தேக்கிவைக்கும் பஞ்சு போன்றது அந்த மக்கிய பகுதியே. பழைய கிணறுகள் அதன் அடிவரை சென்று நின்றன. அதற்குக் கீழே உள்ள பாறையில் தண்ணீர் ஓர் ஆறு போல ஓடுகிறது என்று பலர் நம்புகின்றனர். அப்படி ஏதும் இல்லை. பாறையில் ஆங்காங்கே மயிரிழை போன்றும் விரலளவிலும் வெடிப்புகள் உள்ளன. அவ்வெடிப்புகளில் மட்டுமே நீர் நிற்கிறது. ஆழ்துளைக் கிணறு அத்தகைய வெடிப்பைத் தொட்டால் தண்ணீர் கிடைக்கும்; தொடாவிட்டால் புழுதிதான். ஆழம் செல்லச் செல்ல வெடிப்புகளும் பொதுவாகக் குறைந்துகொண்டே போகும். அவ்வெடிப்புகளை நிரப்ப வேண்டிய மழையோ மேலிருந்தே வந்தாக வேண்டும். கிழக்கே ஜெயங்கொண்டம் பக்கத்தில் மணற்பாங்கான அடுக்குகள் இருப்பதால் அங்கே நிலத்தடி நீரின் கதை வேறு. ஒருவர் ஊரின் அனுபவத்தைக் கேட்டு மற்றொருவர் ஊரில் துளையிடுவது எவ்வளவு பேதைமை என்பது இதனால் விளங்கும்.

என் இளமையில் எங்கள் வீட்டில் கவலை இருந்தது. இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட, தோலால் ஆன சால் நீரை மொண்டு மேலே வந்து கவிழும். விடியற்காலை தொடங்கி மாடு களைக்கும் வரை இறைத்தாலும் சிறு பாத்தி அளவே பாயும். அம்முறையைப் போற்றிப் பாட நான் வரவில்லை. அதில் மனிதரும் மாடும் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் கவலைக்கு ஓர் எல்லை இருந்தது. மாடு களைக்கும், கிணறு இரவில் ஊறும். நீர்மூழ்கி மோட்டார் களைப்பதில்லை. பாறை வெடிப்பில் பல ஆண்டுகளாகச் சேர்ந்ததை ஒரு கோடையில் அது உறிஞ்சிவிடுகிறது.

2017 மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் பக்கத்துக் கொல்லைக்காரர் மூன்று முறை துளையிட்டார். நான்கு ஏக்கர் நிலமும், வெங்காயப் பயிரும், மணமாக வேண்டிய மகளும் உடையவர். நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலத்தில் நடந்தார். தேங்காய் நிமிர்ந்த இடத்தில் கல் நட்டார். திருச்செங்கோட்டிலிருந்து வந்த துளையிடும் வண்டி இரவெல்லாம் முழங்கிற்று. முதல் துளை 400 அடி. சிறிது ஈரம் காட்டி நின்றுவிட்டது. இரண்டாவது 700 அடி. மூன்றாவது துளையில் 900 அடி சென்ற பின்னும் குழாயின் வாயிலிருந்து வெண்புழுதியே புகைபோல எழுந்தது. விடியலில் நான் அங்கே சென்ற பொழுது, வாழையும் வேம்பும் அவர் முகமும் ஒன்றுபோல் வெளுத்திருந்தன. "பூமியில இருந்தா குடுக்காமப் போகுமா, வாத்தியாரே?" என்று கேட்டார். துளைக்கு அடிக்கணக்கில் கூலி. அதை அவர் தம் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தார். தேங்காய் காட்டிய வழியை நான் அறிவியல் என்று ஏற்கவில்லை. எனினும், மண்ணின் மின்தடையை அளந்து நீர் காணும் முறை உண்டு என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அரசாங்கத்தின் சார்பில் எவரும் அவர் கொல்லைக்கு வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வீடுகளில் நேர்ந்தது வேறு. பெரம்பலூர் நகரத்துக்குக் கொள்ளிடத்திலிருந்து குழாய் வழியே நீர் வருகிறது. சிற்றூர்களோ தத்தம் ஆழ்துளைக் கிணறுகளையே பெரிதும் நம்பியிருந்தன. அவை தளர்ந்த பின் தெருக்குழாயில் நீர் வரும் நாட்கள் குறைந்தன. வண்ண வண்ணக் குடங்கள் வரிசையில் கிடக்கும். குடத்துக்கு உரியவர் கூலிவேலைக்குப் போயிருப்பார். அவருக்குப் பதில் நிற்பது ஏழாம் வகுப்புப் பெண்குழந்தை. அவ்வாண்டு காலை வழிபாட்டுக்குத் தாமதமாக வந்தோரின் பட்டியலைப் பார்த்தேன். ஆண்பிள்ளைகளின் பெயர் வழக்கம் போலவே இருந்தது. பெண்பிள்ளைகளின் பெயர் பெருகியிருந்தது. தாமதத்துக்குத் தண்டனை இல்லை என்று ஆசிரியர் கூட்டத்தில் தீர்மானித்தோம். வறட்சியின் சுமை வீட்டுக்குள் நுழைந்ததும் யார் தலையில் ஏறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

மாடுகளின் நிலை இரங்கத்தக்கது. கதிர் பிடிக்காத மக்காச்சோளத் தட்டையை அறுத்துச் சில வாரங்கள் தீவனம் ஓட்டினர். பின்னர் தஞ்சையிலிருந்து வர வேண்டிய வைக்கோலும் அங்கே பயிர் பொய்த்தமையால் விலை ஏறிற்று. அரசு உலர்தீவனக் கிடங்குகளைத் திறந்து கிலோ 2 ரூபாய்க்கு வைக்கோல் வழங்கியது நல்ல செயல். எனினும் கிடங்குக்கு வெகு தொலைவில் இருந்தவர்கள் மாட்டைச் சந்தைக்கு ஓட்டினர். எல்லாரும் ஒரே காலத்தில் விற்றால் விலை என்னவாகும் என்பதை வணிகவியல் பயிலும் மாணவர் எளிதில் உணர்வர். கறவை மாடு போனால் பால் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வரும் வாராந்திரப் பணமும் போயிற்று. எங்கள் பகுதியில் மளிகைக் கடைக் கணக்கு அப்பணத்தால்தான் தீர்ந்து வந்தது.

இனி, இந்தப் பேச்சின் தலைப்புக்கு வருகிறேன். வறட்சி வேறு, பஞ்சம் வேறு. மழை இல்லாமை வறட்சி. உண்ண உணவு கிட்டாமை பஞ்சம். முன்னதை வானம் செய்கிறது. பின்னதைச் செய்வதில் மனிதருக்கும் பங்கு உண்டு.

என் அப்பாயி, தம் பாட்டி சொல்லக் கேட்ட தாது வருடத்துக் கதைகளை எங்களுக்குச் சொல்வார். புற்றைத் தோண்டி எறும்பு சேர்த்த தானியத்தை எடுத்ததும், கற்றாழைக் கிழங்கை ஏழுமுறை கழுவி உண்டதும் அக்கதைகளுள் வரும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூர், பம்பாய்ப் பகுதிகளையும் வாட்டிய பெரும்பஞ்சம் அது. இறந்தோர் தொகை ஐம்பது இலட்சத்துக்கு மேல் என்று கணித்துள்ளனர். எங்களுக்கு அண்டையிலுள்ள சேலம் மாவட்டம் கொடுமையாகப் பாதிக்கப்பட்டது. அவ்வாண்டுகளிலும் நாட்டில் தானியம் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியும் நின்றபாடில்லை. 1877 ஜனவரியில் சென்னைக்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவினும் குறைந்த தானியமும் சிறு காசும் போதும் என்று விதித்தார். வெயிலில் கல் உடைப்பவனுக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்கள் கழித்தே அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டோர் மாண்டனர். அப்பஞ்சத்தின் விளைவாகப் பஞ்ச ஆணைக்குழு அமைந்து 1880இல் அறிக்கை அளித்தது. அதன் பின்னரே பஞ்சக்கால விதித்தொகுப்புகள் எழுந்தன.

உணவு இல்லாமையால் மட்டுமன்று, உணவை வாங்கும் ஆற்றல் இல்லாமையாலும் மக்கள் பட்டினியால் சாகின்றனர் என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். 1876ஐயும் 2016ஐயும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு அவர் கருத்து கண்கூடாகத் தெரியும். இரண்டாண்டுகளிலும் வானம் பொய்த்தது. ஆனால் 2016-17இல் எங்கள் ஊரில் அடுப்பு எரிந்தது. 2011 ஜூன் முதல் நியாய விலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைத்து வந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊரக வேலைத் திட்டத்தில் வேலை நடந்தது. கூலி வந்து சேர்வதில் தாமதம் இருந்தது என்றாலும் வந்தது. பள்ளியில் மதிய உணவு இருந்தது. 1956இல் காமராசர் தொடங்கியதும், 1982இல் எம். ஜி. ஆர். விரிவாக்கியதுமான அத்திட்டத்தின் முழுப்பயனை நான் உணர்ந்தது அந்த ஆண்டில்தான். வழக்கமாக வீட்டிலிருந்து உணவு கொண்டுவரும் பிள்ளைகள் பலர் தை மாதத்துக்குப் பின் தட்டோடு வரிசையில் நின்றனர். எவரும் அவர்களை ஏன் என்று கேட்கலாகாது என்று சமையல் செய்யும் அம்மையாரே எங்களுக்கு முன்னர்ப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார்.

ஆகவே பட்டினிச் சாவு இல்லை. ஆனால் சாவே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? பயிர் கருகியதைக் கண்டு மாரடைப்பால் இறந்தோர், கடனுக்கு அஞ்சி உயிர்விட்டோர் பற்றிய செய்திகள் அந்த மார்கழி முழுவதும் நாளிதழ்களில் வந்தன. 2017 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம் இதுபற்றி விளக்கம் கேட்டுத் தமிழக அரசுக்கு அறிவிக்கை அனுப்பிற்று. மார்ச் மாதத்தில் தமிழக உழவர்கள் அய்யாக்கண்ணு தலைமையில் தில்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளோடு அமர்ந்து போராடினர். அப்போராட்ட முறை தகுமா தகாதா என்று என் நண்பர்கள் வாதிட்டதுண்டு. மண்டையோட்டைக் கண்ட பின்னரே பலர் திரும்பிப் பார்த்தனர் என்பதுதான் எனக்கு உறுத்திற்று. அரிசி கிடைக்கும் வீட்டிலும் மானம் என்று ஒன்று உண்டு. கடன் கொடுத்தவன் வாசலில் நிற்பதை அரிசி தடுக்காது.

அரசு அறிவித்த நிவாரணத்தையும் சொல்கிறேன். நிலவரி முழுவதும் தள்ளுபடி ஆயிற்று. பாசனப் பயிருக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய். மானாவாரிப் பயிருக்கு 3,000 ரூபாய். மக்காச்சோளம் இருமுறை விதைத்தவருக்கு விதைச் செலவு தேறியிருக்கலாம். உழவுக் கூலியும் உரமும் தேறவில்லை. குத்தகைக்கு உழுதவர் பாடு இன்னும் கடினம். பட்டா நிலவுடைமையாளர் பெயரில் இருக்கும். இழப்பு உழுதவர் பெயரில் இருக்கும். அவ்வாண்டு எங்கள் பள்ளியில் மூன்று பிள்ளைகள் இடைநடுவே நின்றனர். மூவரும் குத்தகைக்காரர், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பெற்றோர் திருப்பூருக்குப் பின்னலாடை வேலைக்குச் சென்றபோது உடன் சென்றனர். இருவரை ஜூன் மாதத்தில் என் பின் வந்த தலைமையாசிரியர் திரும்ப அழைத்து வந்தார். எட்டாம் வகுப்பில் அறிவியலில் முதலாவதாக நின்ற பெண், கிணற்றை அளந்த இருவருள் ஒருத்தி, வரவில்லை.

வறட்சி சில நன்மைகளையும் செய்வித்தது. வற்றிய ஏரிகளில் வண்டல் எடுத்துக்கொள்ள 2017இல் உழவர்களுக்கு அனுமதி கிடைத்தது. மாட்டுவண்டியும் டிராக்டரும் ஏரிக்குள் இறங்கின. பல்லாண்டுப் படிவு கொல்லைகளுக்கு எருவாகப் போயிற்று. குடிமராமத்து என்னும் பழம்பெயரை அரசு அதே ஆண்டில் மீட்டு, 100 கோடி ரூபாயில் ஏரிப்பணிகளைத் தொடங்கிற்று. மதகையும் கலிங்கையும் செப்பனிட்டனர், வரத்து வாய்க்கால்களை முழுவதும் தூர்த்துவிட்ட இடங்களில் இவை என்ன பயன் தரும் என்று கேட்டோரும் இருந்தனர், அக்கேள்வி நியாயமானது. சீமைக் கருவேல மரங்களை அகற்றும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பணித்ததால், எங்கள் மாணவர்களும் ஒரு சனிக்கிழமை ஏரிக்கரையில் வெட்டரிவாளோடு நின்றனர். பின்னர் அந்தப் பணியை நிறுத்தி வைத்து வேறோர் ஆணை வந்தது. அம்மரம் மண்ணின் நீரை உறிஞ்சுவது ஒருபுறம் இருக்க, அதன் விறகையும் கரியையும் கொண்டு வறட்சிக் காலத்தில் பிழைத்த குடும்பங்கள் பல என்பதையும் நான் கண்டேன்.

2017 ஆவணியிலும் புரட்டாசியிலும் மழை பெய்தது. ஊரார் வெறுங்காலோடு ஏரிக்கரைக்குச் சென்று நின்றனர். வறட்சி தீர்ந்தது என்று நாளிதழ்கள் எழுதின. மறு ஆண்டில், 2018இல், மக்காச்சோளத்தைப் படைப்புழு தாக்கிப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பெருஞ்சேதம் விளைத்தது. சிலர் சோளத்துக்கும் கம்புக்கும் மீண்டனர். குறைந்த நீரில் விளைவதும், நெடுநாள் கெடாதது என்று கோபுரக் கலசங்களில் இட்டுவைப்பதுமான வரகைக் கைவிடாமல் காத்த முதியவர் சிலர் அப்பொழுது புன்னகை செய்தனர். சொட்டுநீர்க் குழாய்களை அரசு மானியத்தில் பதித்தோரும் உண்டு; வெங்காயத்துக்கு அது நன்கு பயன்படுகிறது.

என் பக்கத்துக் கொல்லைக்காரரும் சொட்டுநீர் பதித்தார். 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடி செய்யப்பட்டன. அவர் சங்கத்தில் வாங்கியிருந்த கடன் நீங்கிற்று. 900 அடித் துளைக்காக வைத்த அடகு தனியார் கடையில் இருந்தமையால் அத்தள்ளுபடிக்குள் வரவில்லை. வட்டி கட்டிக்கொண்டே வந்தவர் ஓராண்டு தவறினார். சங்கிலி ஏலத்தில் போயிற்று. அந்தத் துளையின் வாயைக் குழந்தைகள் தவறி விழாதபடி ஒரு பலகைக் கல்லால் மூடி, மேலே மண்ணைக் குவித்திருக்கிறார். இப்பொழுது அதன்மேல் வெங்காயப் பட்டறை நிற்கிறது.